அடுப்பைப் பத்த வச்சு குளிர் காயுங்கன்னு நான்தான் சொன்னேன்

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. அன்னைக்கு அனுமன் ஜெயந்தி. மடிப்பாக்கத்துலேர்ந்து நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்கு சாயங்காலமே கிளம்பிட்டேன், கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம், வரிசையில நின்னு கும்பிட்டுட்டு ஷேர் ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குள்ள காலை வைக்கும்போது ராத்திரி 8 மணி. பையில வடை பிரசாதம், போன்ல பொண்ணோட மெசேஜ். "ம்மா, ரோட்டுல வண்டியே எடுக்கக்கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்க. நாங்க நாலு பேரும் வீட்லதான் இருக்கோம். பயப்படாத." அங்க அப்போ காலையில 9:30.

பொண்ணு அந்த ஆகஸ்ட்லதான் எம்.எஸ் படிக்க பஃபலோ போயிருந்தா. நியூயார்க்னு சொன்னதும் எல்லாரும் அந்த உயர உயரமான பில்டிங் இருக்கிற சிட்டின்னு நினைச்சாங்க, நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். பஃபலோ அந்த மாநிலத்தோட மேற்கு கோடியில, ஈரி ஏரிக்கரையில, நயாகரா பக்கத்துல இருக்கு. யுனிவர்சிட்டியோட சவுத் கேம்பஸ் கிட்ட ஒரு பழைய மரவீடு, மேல் போர்ஷன்ல இவளோட சேர்த்து நாலு பொண்ணுங்க, ரெண்டு பேரு தமிழ், ஒரு தெலுங்கு, ஒரு மராத்தி. கீழ் போர்ஷன்ல ஊர்க்காரங்க, அறுபது வயசை நெருங்குற ஒரு அம்மா தனியா இருந்தாங்க. அவங்க பேரை இங்க போட வேண்டாம், கீழ்வீட்டம்மான்னே சொல்றேன். இந்த கட்டுரையே ஒரு விதத்துல அவங்களுக்குத்தான்.

மெசேஜை பார்த்ததும் நான் பெருசா பயப்படல. நமக்கு புயல் புதுசா? 2015 டிசம்பர் வெள்ளத்தை பார்த்தாச்சு, 2016 வர்தாவுல எங்க தெருவுல இருந்த அத்தனை மரமும் சாஞ்சு ஒரு வாரம் கரண்ட் இல்லாம இருந்தாச்சு. வீட்டுக்குள்ள இருக்காங்க, அரிசி பருப்பு இருக்கு, நாலு பேரா இருக்காங்க, அப்புறம் என்னன்னு நினைச்சு பிரசாதத்தை பக்கத்து வீட்டுக்கு கொடுத்துட்டு படுத்துட்டேன்.

மறுநாள் விடியக்காலை 5:30, வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு இருக்கேன். போன் அடிக்குது. அங்க வெள்ளி ராத்திரி 7 மணி. "ம்மா, கரண்ட் போயிடுச்சு. ஹீட்டரும் நின்னுடுச்சு. வீடு சில்லுன்னு ஆகிட்டே வருது." எனக்கு புரியவே இல்ல, ஹீட்டர் கேஸ்ல தானே ஓடுதுன்னு சொன்னியேன்னு கேட்டேன். கேஸ்ல எரிஞ்சாலும் அந்த சூட்டை வீடு முழுக்க தள்றதுக்கு உள்ள ஒரு ஃபேன் இருக்கு, அதுக்கு கரண்ட் வேணும், அது இல்லன்னா ஃபர்னஸ் மொத்தமா நின்னுடும். வெளிய மைனஸ்ல இருக்கு, காத்து மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டி அடிக்குது, மரவீடு, ஜன்னல் எல்லாம் பழசு.

அப்போதான் நான் அதை சொன்னேன். கோலமாவு கிண்ணத்தை கையில வச்சுக்கிட்டு, ரொம்ப தெரிஞ்ச மாதிரி சொன்னேன். "கேஸ் அடுப்பு எரியுதுல்ல? நாலு பர்னரையும் பத்த வச்சு, கிச்சன் கதவை நல்லா சாத்திட்டு, நாலு பேரும் அங்கயே உக்காந்து குளிர் காயுங்க. துணி வச்சு கதவு இடுக்கெல்லாம் அடைச்சிடுங்க, காத்து வராது."

என் பொண்ணு நான் சொன்னா கேப்பா. கேட்டா. தீக்குச்சியால நாலு பர்னரையும் பத்த வச்சு, கதவை சாத்தி, கீழ டவல் சுருட்டி வச்சு நாலு பேரும் உக்காந்துட்டாங்க.

அன்னைக்கு அவங்க நாலு பேரும் உயிரோட எழுந்ததுக்கு காரணம் கீழ்வீட்டம்மா. கரண்ட் போனதும் மேல இருக்கிற சின்ன பொண்ணுங்க என்ன பண்றாங்களோன்னு டார்ச் எடுத்துக்கிட்டு படியேறி வந்திருக்காங்க. கதவை திறந்து பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசாம நேரா போய் நாலு பர்னரையும் அணைச்சாங்களாம், அந்த குளிர்லயும் ஜன்னலை ரெண்டு நிமிஷம் திறந்து வச்சாங்களாம். அப்புறம்தான் கேட்டாங்களாம், உங்க அலாரம் எங்கன்னு. சீலிங்ல அது இருந்த இடத்துல வெறும் வளையம்தான் இருந்துச்சு. நவம்பர்ல பேட்டரி தீர்ந்து ராத்திரியெல்லாம் கீச் கீச்னு கத்திட்டே இருந்துச்சுன்னு இந்த பொண்ணுங்க அதை கழட்டி டிராயர்ல போட்டிருக்காங்க. நியூயார்க் மாநிலத்துல 2010-லேர்ந்து வீட்டுக்கு வீடு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கணும்னு சட்டமே இருக்கு. சட்டம் இருந்துச்சு, அலாரமும் இருந்துச்சு, டிராயர்ல இருந்துச்சு.

நமக்கு கேஸ்னா வாசனை. சிலிண்டர் லீக் ஆனா தெருமுனையிலயே மூக்கு சொல்லிடும், ஜன்னலை திற, ஸ்விட்ச்சை தொடாதன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்திருக்கோம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்ல, நிறமும் இல்ல. அடைச்ச இடத்துல எது எரிஞ்சாலும் அது வரும், கேஸோ கரியோ பெட்ரோலோ. ரத்தத்துல ஆக்ஸிஜன் போய் உக்கார வேண்டிய இடத்துல இது போய் உக்காந்துக்கும், ஆக்ஸிஜனை விட பல மடங்கு இறுக்கமா. முதல்ல தலைவலி, அப்புறம் வாந்தி வர மாதிரி, அப்புறம் தூக்கம். குளிர்ல நடுங்கி களைச்சுப் போயிருக்கிற பொண்ணுக்கு தூக்கம் வந்தா அது வேற எதனாலயாவது இருக்கும்னு தோணுமா? கொஞ்ச நேரம் தூங்குன்னு நானே சொல்லியிருப்பேன். சென்னை வீட்ல சமையலறை ஜன்னல் எப்பவும் திறந்துதான் இருக்கும், அதனால இந்த பயம் நமக்கு பழக்கமே இல்ல. அங்க வீட்டை குளிருக்காக டப்பா மாதிரி மூடி கட்டியிருக்காங்க, நான் அந்த டப்பாவையும் துணி வச்சு இன்னும் அடைக்க சொன்னேன்.

அன்னைக்கு சாயங்காலம் பொண்ணு இதை சொன்னப்போ நான் போனை வச்சுட்டு ரொம்ப நேரம் எழுந்திரிக்கல. இவர் வந்து என்ன ஆச்சுன்னு கேட்டார். சொல்ல வரல.

அதுக்கப்புறம் ரெண்டு நாள் கீழ்வீட்டம்மாதான் எங்க பொண்ணுக்கு அம்மா. 1977 ஜனவரி கடைசியில பஃபலோவுல ஒரு பெரிய பனிப்புயல் வந்திருக்கு, அப்போ அவங்க ஸ்கூல் படிக்கிற பொண்ணு. அந்த வருஷம் ஏரி முன்னாடியே உறைஞ்சு கிடந்துச்சாம், ஐஸ் மேல சேர்ந்திருந்த பனியை எல்லாம் காத்து அள்ளி ஊருக்குள்ள கொட்டியிருக்கு, வீட்டு மாடி வரைக்கும் பனி ஏறி நின்ன போட்டோவெல்லாம் இன்னைக்கும் நெட்ல கிடைக்கும். அப்போ அவங்க அம்மா என்ன பண்ணாங்களோ அதையே இவங்க இப்போ பண்ணாங்க. வீட்டுக்கு நடுவுல இருக்கிற சின்ன ரூமா ஒண்ணு பார்த்து எல்லாரையும் அங்க கூட்டிட்டு வந்துட்டாங்க. ஜன்னலுக்கு கம்பளி, கதவுக்கு கம்பளி. படுக்கையை எல்லாம் தரையில ஒண்ணா போட்டு அஞ்சு பேரும் பக்கத்துல பக்கத்துல. வீட்டுக்குள்ளயே தலைக்கு குல்லா, கைக்கு க்ளவுஸ். அடுப்பை சமைக்கிற நேரத்துக்கு மட்டும், ஜன்னலை கொஞ்சம் திறந்து வச்சு பத்த வைக்கலாம், வேலை முடிஞ்சதும் அணைச்சிடணும். என் பொண்ணு ரசம் வச்சு எல்லாருக்கும் டம்ளர்ல ஊத்தி கொடுத்திருக்கா. வெந்நீரை பாட்டில்ல ஊத்தி சாக்ஸுக்குள்ள போட்டு போர்வைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. குழாயெல்லாம் சொட்டு சொட்டா ஒழுக விட்டாங்க, தண்ணி உறைஞ்சா ஒன்பது சதவீதம் பெருசாகும், அப்படி உள்ளயே உறைஞ்சா குழாய் வெடிச்சிடும், ஓடிட்டே இருந்தா அவ்வளவு சீக்கிரம் உறையாது. சிங்க்குக்கு கீழ இருக்கிற கபோர்டு கதவை திறந்து வைக்க சொன்னாங்களாம், ரூம்ல இருக்கிற கொஞ்ச நஞ்ச சூடு குழாய்க்கும் போகட்டும்னு. இதெல்லாம் பார்க்கும்போது எனக்கு என்ன தோணுச்சுன்னா, வெள்ளம் வந்தா மோட்டாரை கழட்டி மாடிக்கு கொண்டு போறது, சிலிண்டரை கட்டி வைக்கிறது, சம்ப்பை மூடுறதுன்னு நம்ம கை தானா செய்யும்ல, அந்த மாதிரி அந்த ஊர்க்காரங்க கைக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கு.

சனிக்கிழமை அங்க காலையில, கூட இருந்த பொண்ணு ஒருத்தி வாசல் வராண்டாவுல நின்னு வீடியோ எடுத்திருக்கா, க்ளவுஸ் போட்டா ஸ்க்ரீன் வேலை செய்யலன்னு ஒரு கையை கழட்டிட்டு. பத்து நிமிஷம் கூட இருக்காது. உள்ள வந்தா விரல் நுனி மூணும் மெழுகு மாதிரி வெள்ளையா இருக்கு, கிள்ளினா தெரியல. என்கிட்ட கேட்டிருந்தா நல்லா சூடு பறக்க தேய்ச்சு விடு, தைலம் போடுன்னுதான் சொல்லியிருப்பேன், எங்க பாட்டி அப்படித்தான் செய்வாங்க. அது தப்பு. உள்ள உறைய ஆரம்பிச்ச தோலை தேய்ச்சா உள்ளயே கிழியும். நெருப்புக்கிட்ட காட்டுறதும் தப்பு, மரத்துப் போன விரலுக்கு சுடுறதே தெரியாது, வெந்துடும். கீழ்வீட்டம்மா வெதுவெதுன்னு தண்ணி கலந்து, குழந்தைக்கு குளிப்பாட்ட பதம் பார்ப்போமே அந்த மாதிரி தன் கையை விட்டு பார்த்துட்டு, அந்த பொண்ணு கையை அதுல அரை மணி நேரம் வச்சிருக்காங்க. சூடு திரும்பும்போது வலியில அழுதாளாம். விரல் தப்பிச்சுது.

இங்க நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? அரை மணிக்கு ஒரு தடவை போன். சித்தப்பா ஒரு தடவை, இவரோட தங்கச்சி ஒரு தடவை, காலேஜ் ஃப்ரெண்டோட அம்மா ஒரு தடவை. எல்லாரும் அக்கறையிலதான். ஆனா சார்ஜ் போட வழியில்லாத வீட்ல இருக்கிற போன் அது. குளிர்ல பேட்டரி இன்னும் வேகமா இறங்கும், 40 சதவீதம் காட்டிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு அணைஞ்சிடும். சனிக்கிழமை அங்க மத்தியானம் நாலு போன்ல மூணு செத்துப் போச்சு. கடைசியில பொண்ணே சொன்னா, "ம்மா, இனிமே நான்தான் கூப்பிடுவேன், உங்க நேரம் காலையில 7, ராத்திரி 8. நடுவுல கூப்பிடாத. போன் அணைஞ்சிருந்தா நான் சேமிச்சு வச்சிருக்கேன்னு அர்த்தம்." அந்த ஒரு வாக்கியம் இருந்ததாலதான் நான் அந்த ரெண்டு நாளை தாண்டினேன். புள்ளைங்க வெளியூர்ல இருக்கிற ஒவ்வொரு வீட்லயும் இந்த ஒப்பந்தத்தை நல்ல நாள்லயே பேசி வச்சிடணும், புயல் வந்தப்புறம் பேச பேட்டரி இருக்காது.

அந்த புயல் எவ்வளவு பெருசுன்னு எங்களுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அமெரிக்காவுல சும்மா பனி கொட்டினா அதுக்கு ப்ளிஸார்ட்னு பேர் கிடையாது, காத்து மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல, கண்ணுக்கு 400 மீட்டர் கூட தெரியாம, இது ரெண்டும் சேர்ந்து குறைஞ்சது 3 மணி நேரம் நீடிச்சாதான் அந்த பேரு. பஃபலோவுல அது 37 மணி நேரம் நீடிச்சுது. ஏர்போர்ட்ல அளந்த பனி மொத்தம் 4 அடிக்கு மேல. அந்த வட்டாரத்துல மட்டும் 40 பேருக்கு மேல இறந்துட்டாங்க. எப்படி இறந்தாங்கன்னு நான் தேடித் தேடி படிச்சேன், அதுதான் என்னை இந்த கட்டுரை எழுத வச்சதும். பனி மேல விழுந்து யாரும் நசுங்கல. வெளிய நடந்து போனவங்க வழி தெரியாம ரோட்டுலயே கிடந்திருக்காங்க. கார்ல மாட்டினவங்க கார்லயே. வீட்ல ஹீட்டர் இல்லாதவங்க வீட்டுக்குள்ளயே. பனி தள்ளும்போது மாரடைப்பு வந்தவங்க. உடம்பு சரியில்லாம ஆம்புலன்ஸை கூப்பிட்டு, அது வர முடியாம போனவங்க. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பனி தள்ளுற வண்டியுமே ரோட்டுல புதைஞ்சு நின்ன நாள் அது. அந்த 9:30 மணி ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே நிறைய பேர் வேலைக்கு கிளம்பிட்டாங்கன்னு அங்க இன்னைக்கும் வருத்தப்படுறாங்க, ராத்திரியே சொல்லியிருந்தா எத்தனையோ பேர் வீட்ல இருந்திருப்பாங்க. எனக்கும் அதுதான் படுது.

நம்ம புயல் பழக்கம் அங்க எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சு பாருங்க. வர்தா அன்னைக்கு காத்து ஓஞ்சதும் நம்ம என்ன பண்ணோம்? எல்லாரும் தெருவுக்கு வந்தோம். பால் கிடைக்குதான்னு ஒருத்தர், மெழுகுவத்தி வாங்க ஒருத்தர், மரம் எங்க விழுந்துச்சுன்னு பார்க்க பத்து பேர். நம்ம ஊர்ல மழையில நனைஞ்சா ஜலதோஷம், அங்க அந்த காத்துல வழி தப்பி நனைஞ்சு நின்னா கொஞ்ச நேரத்துல உடம்பு சூடு இறங்கி புத்தி தடுமாற ஆரம்பிச்சிடும், எந்த பக்கம் வீடுன்னே தெரியாது. என் பொண்ணு வீட்லேர்ந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு கடை. பால் தீர்ந்துடுச்சு, ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடலாம்னு அந்த மராத்தி பொண்ணு ஷூ மாட்டியிருக்கா. கீழ்வீட்டம்மா கதவை திறந்து காட்டினாங்களாம். எதிர் வீடு இல்ல. தெரு விளக்கு கம்பம் இல்ல. வாசப்படியோட கடைசி படியே இல்ல. வெள்ளைச் சுவர் மாதிரி இருந்துச்சுன்னு பொண்ணு சொன்னா.

காருக்குள்ள மாட்டிக்கிட்டா இன்னொரு விஷயம். வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது, வண்டிதான் கூரை. ஆனா ஹீட்டருக்காக எஞ்சினை ஓட விட்டா, பின்னாடி புகை வர்ற குழாயை பனி மூடியிருக்கான்னு முதல்ல பார்த்து தோண்டி விடணும், இல்லன்னா அந்த வாசனையில்லாத விஷம் நேரா உள்ள வரும். அதனால கொஞ்ச நேரம் ஓட விட்டு அணைச்சு, ஜன்னலை ஒரு விரக்கடை இறக்கி வச்சு, திரும்ப கொஞ்ச நேரம். குளிர்காலம் முழுக்க டாங்க்கை பாதிக்கு கீழ இறங்க விடமாட்டாங்க. டிக்கியில எப்பவும் ஒரு கம்பளி, சின்ன ஷவல், டார்ச், கொஞ்சம் திங்கிறதுக்கு.

அதே புயல்ல நடந்த ஒண்ணை படிச்சு நான் அழுதுட்டேன். தென் கொரியாவுலேர்ந்து நயாகரா பார்க்க வந்தவங்களோட வேன் பஃபலோ பக்கத்துல ஒரு வீட்டு வாசல்ல பனியில புதைஞ்சிடுச்சு. தோண்டி எடுக்க ஷவல் கிடைக்குமான்னு கேட்டு கதவை தட்டியிருக்காங்க. அந்த வீட்ல இருந்த புருஷன் பொண்டாட்டி, இந்த நிலைமையில எங்க போவீங்கன்னு டிரைவரோட சேர்த்து பத்து பேரையும் உள்ள கூப்பிட்டுட்டாங்க. அந்த தம்பதிக்கு கொரியன் சாப்பாடுன்னா உயிராம், ஃப்ரிட்ஜ்ல கிம்ச்சி வரைக்கும் இருந்திருக்கு. வந்தவங்களே சமைச்சு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்கயே தங்கியிருக்காங்க. 2015-ல முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு வீட்டு மாடியை திறந்து விட்ட ஊர் நம்மளோடது, அதனாலயோ என்னவோ அந்த கதவு திறந்த சத்தம் எனக்கு கேட்ட மாதிரியே இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை அங்க மத்தியானம் 1 மணிக்கு கரண்ட் வந்துச்சு, எங்களுக்கு ராத்திரி 11:30. வந்ததும் கீழ்வீட்டம்மா ஃபர்னஸை போட விடல. முதல்ல வீட்டு பக்கவாட்டுல அதோட புகைக்குழாய் வெளிய வர்ற இடத்துல சேர்ந்திருந்த பனியை தோண்டி எடுக்க சொன்னாங்களாம். அப்புறம் அலாரத்துக்கு அவங்க ரேடியோலேர்ந்து பேட்டரி கழட்டி போட்டு, மாட்டி, பட்டனை அமுக்கி சத்தம் வருதான்னு பார்த்துட்டுத்தான் போட சொன்னாங்க.

ஒரு வருஷம் கழிச்சு 2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாம். எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, மூணு நாள் கரண்ட் இல்ல, டவரும் இல்ல. இந்த தடவை நான்தான் முன்னாடியே சொல்லி வச்சேன், நாங்க கூப்பிடுற நேரம் இது, போன் அணைஞ்சிருந்தா சேமிச்சு வச்சிருக்கோம்னு அர்த்தம்னு. கீழ்வீட்டம்மா அவகிட்ட தினம் ரெண்டு தடவை படியேறி வந்து, உங்க அம்மா அப்பாவுக்கு குடிக்க தண்ணி இருக்கா, கரண்ட் மெயினை அணைச்சாங்களான்னு கேட்டுட்டே இருந்தாங்களாம்.

தண்ணி வடிஞ்சு வீட்டை கழுவி முடிச்சு அந்த மாசக் கடைசியில நானும் இவரும் பொண்ணைப் பார்க்க கிளம்பினோம். ஜனவரி 13, சனிக்கிழமை, அடுத்த பெரிய பனிப்புயல், இந்த தடவை நான் உள்ள இருந்து பார்த்தேன். ஞாயித்துக்கிழமை அங்க நடக்க வேண்டிய பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச்சையே திங்கள்கிழமைக்கு தள்ளி வச்சாங்க, ஸ்டேடியத்துல பனி அள்ள வாங்க, மணிக்கு 20 டாலர் தர்றோம்னு ஊர் ஜனங்களை கூப்பிட்டாங்க.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு நம்ம பழமொழி சொல்லுது, ஆனா நம்ம பனி விடியக்காலையில புல்லு மேல நிக்கிற ஈரம். அந்த பனி அப்படி இல்ல. சத்தமே இல்லாம வரும். அதுதான் என்னை அசத்தினது, மழைன்னா சத்தம்னு பழகின காதுக்கு அவ்வளவு பெருசா ஒண்ணு வானத்துலேர்ந்து கொட்டிட்டு இருக்கு, ஊரே பஞ்சு வச்ச மாதிரி அமைதியா இருக்கு.

பனி எங்கேர்ந்து வருதுன்னு கீழ்வீட்டம்மா ஜன்னல்கிட்ட நின்னு கையை நீட்டி காட்டினாங்க, ஏரி அந்தப் பக்கம்னு. ஈரி ஏரி மேற்குலேர்ந்து கிழக்கா நீளமா கிடக்கு, கிட்டத்தட்ட 390 கிலோமீட்டர், அதோட கிழக்கு முனையில பஃபலோ. குளிர்காலத் தொடக்கத்துல ஏரித் தண்ணி இன்னும் வெதுவெதுன்னு இருக்கும், மேல வர்ற காத்து கனடா பக்கத்து கடும் குளிர் காத்து. அது ஏரி நீளத்துக்கும் ஈரத்தை குடிச்சுட்டே வந்து கரை ஏறினதும் பனியா கொட்டும். நமக்கு ஐப்பசி கார்த்திகையில வங்கக்கடல் என்ன பண்ணுதோ அதுதான். அங்கயும் அது பட்டையா வரும், நுங்கம்பாக்கத்துல ஊத்தும்போது மீனம்பாக்கத்துல வெயில் அடிக்கும் பாருங்க, அதே கதை. 2022 நவம்பர்ல பஃபலோவுக்கு தெற்க இருக்கிற ஆர்ச்சர்ட் பார்க்ல ஆறரை அடி கொட்டுச்சு, வடக்க அதுல பாதி கூட இல்ல. அதனால புள்ளை இருக்கிற ஊர் பேரை மட்டும் வச்சு நியூஸ் பார்த்து பயப்படவும் கூடாது, தைரியமாவும் இருக்கக் கூடாது, எந்த பக்கம் இருக்கான்னு தெரிஞ்சுக்கணும்.

பனி தள்ளுறது ஒரு தனி வேலை. மொத்தமா நின்னப்புறம் தள்ளிக்கலாம்னு விட்டா அது இறுகி கல்லாயிடும், அதனால மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா. தூக்கி வீசக்கூடாது, தள்ளணும். இவருக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு, சும்மா உக்காந்திருக்க மனசு வராம ஷவலை எடுத்துட்டார், கீழ்வீட்டம்மா அவர் கையிலேர்ந்து அதை வாங்கிட்டாங்க. குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், அதோட இந்த பாரமும் சேர்ந்தா இதயம் தாங்காது, ஒவ்வொரு வருஷமும் வீட்டு வாசல்லயே ஆம்பளைங்க விழுந்துடுறாங்கன்னு சொன்னாங்க. புள்ளைங்களைப் பார்க்க குளிர்காலத்துல போற அப்பாக்கள் எல்லாரும் தயவுசெஞ்சு இதை மனசுல வச்சுக்கங்க. பேரக் குழந்தை வீட்டு வாசல் தானேன்னு இறங்கிடாதீங்க. தள்ளின இடத்துல கல்லுப்பு தூவுவாங்க, ஆனா மைனஸ் 9, 10-க்கு கீழ போனா உப்பு சரியா வேலை செய்யாது, அப்போ மணல்தான்.

துணியைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் முதல் வருஷம் இவளுக்கு கனமா ஒரே ஒரு ஜாக்கெட்டும் உள்ளே போட காட்டன் பனியனும் வாங்கிக் கொடுத்தேன். காட்டன் வேர்வையை குடிச்சு ஈரமாவே இருக்கும், அந்த ஈரம் உடம்பு சூட்டை உறிஞ்சிடும். உள்ள தெர்மல், நடுவுல கம்பளி மாதிரி ஏதாவது, மேல காத்து நுழையாத ஜாக்கெட். ஹாட்பேக்ல இட்லி சூடா இருக்கிறது எதனால, ரெண்டு சுவருக்கு நடுவுல அடைபட்ட காத்தாலதானே, துணியும் அப்படித்தான். பெரிய ஜாக்கெட்டும் பூட்ஸும் அங்க போய் வாங்கிக்கிறதுதான் நல்லது. ரெண்டு சாக்ஸ் போட்டு பூட்ஸ் இறுக்கமா ஆச்சுன்னா ரத்தமே ஓடாது, ஒரு சாக்ஸை விட மோசம்.

எனக்கு ஒரு கோவம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். இங்கேர்ந்து வருஷா வருஷம் எத்தனை புள்ளைங்க இந்த ஏரிக்கரை ஊர்களுக்கெல்லாம் போறாங்க. நாங்க போன கன்சல்டன்சியில லோன் எப்படி, விசா இன்டர்வியூவுல என்ன கேப்பாங்க, எத்தனை கிலோ லக்கேஜ்னு மூணு செஷன் நடத்தினாங்க. மைனஸ் பத்துல கரண்ட் போனா என்ன பண்ணணும்னு பத்து நிமிஷம் கூட யாரும் பேசல. ஊறுகாயை எப்படி பேக் பண்றதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அந்த பத்து நிமிஷத்தைத்தான் நான் இப்போ தெரிஞ்சவங்க வீட்டுக்கெல்லாம் போய் பேசிட்டு இருக்கேன்.

போன ஆகஸ்ட்ல என் தம்பி பையன் சிரக்யூஸ் கிளம்பினான், அதுவும் பனிக்கு பேர் போன ஊர்தான். மடிப்பாக்கத்துல 36 டிகிரி, ஃபேனுக்கு கீழ உக்காந்து வேர்த்து ஊத்த அவனும் அவங்கம்மாவும் பெட்டி கட்டுறாங்க, நான் குளிரைப் பத்தி பேசிட்டு இருக்கேன். "அத்தை, அந்த அலாரம் இங்கயே ஒண்ணு வாங்கிட்டு போயிடவா?"ன்னு கேட்டான். வேண்டாம்டா, வீட்லயே இருக்கும், போன முதல் நாள் பெட்டியை பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு ஏறி அந்த பட்டனை அமுக்கு, சத்தம் வரலன்னா அன்னைக்கே பேட்டரி வாங்கு, ராத்திரி கத்துச்சுன்னா கழட்டாத, பேட்டரி மாத்துன்னு சொன்னேன். சரிங்க அத்தைன்னான். போய் சேர்ந்த அன்னைக்கு எங்களுக்கு விடியக்காலை 4 மணி, வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் நோட். வணக்கம் கூட சொல்லல, ஆறு செகண்டுக்கு பீப் பீப் பீப்னு காதைக் கிழிக்கிற சத்தம், முடியும்போது பின்னாடி யாரோ ஒரு பையன் போதும்டான்னு கத்துறான். அதை நான் இன்னும் அழிக்கல.